கூவுவது புத்தகக் குயிலா, வேப்பமரக் குயிலா?

பட்டனை அழுத்தினால் குயில் கூவும். மடிப்பைத் திறந்தால் பொந்துக்குள் இருந்து ஆந்தை எட்டிப் பார்க்கும். ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைகளுக்கான இந்தப் பறவைப் புத்தகங்கள் இப்போது பிறந்தநாள் பரிசாக நிறைய வீடுகளுக்கு வருகின்றன. கையில் கொடுத்தால் வாண்டு கொஞ்ச நேரம் அழாமல் உட்கார்ந்திருக்கும். ஆனால், குழந்தை பழகுவது பறவையோடா, பட்டனோடா?

இந்தச் சந்தேகத்துக்கு விடை தேடிய ஆய்வு ஒன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழுவினரால் 2010-ல் வெளியானது. இழுப்பது, திறப்பது போன்ற அம்சங்கள் நிறைந்த புத்தகத்தைவிட, நிஜத் தோற்றத்தில் படங்கள் உள்ள சாதாரணப் புத்தகத்திலிருந்தே சின்னக் குழந்தைகள் அதிகம் கற்றுக்கொண்டார்கள். விரலுக்கு வேலை கூடும்போது கவனம் படத்திலிருந்து நழுவிவிடுகிறது. அதற்காக பட்டன் புத்தகமே கூடாது என்றில்லை. தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எதைப் பார்த்து வாங்கலாம்?

பக்கத்துக்கு ஒரே பறவை, நிஜ நிறம், தெளிவான படம், ஒரு மடிப்பு அல்லது ஒரு பட்டன். இது போதும். பென்குயினும் பஃபினும் அழகுதான். ஆனால், நம் ஊர் ஜன்னலுக்கு அவை வரப்போவதில்லை. காகம், மைனா, புறா, பச்சைக்கிளி, குயில் என்று தினமும் கண்ணில் படுபவை முதலில் வரட்டும். கடையில் கிடைக்காவிட்டால், ஐந்து பறவைப் படங்களைப் பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி, மேலே ஒரு துணித்துண்டை மூடிபோல வைத்தால் வீட்டிலேயே புத்தகம் தயார்.

எப்படிப் படிப்பது?

முதலில் படத்தைக் காட்டிப் பெயர் சொல்லுங்கள். "கண்ணு எங்கே இருக்கு? என்ன நிறம்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். பட்டன் கடைசியில்தான். குயில் பக்கத்தில் சொல்ல சுவாரஸ்யமான சேதிகள் உண்டு. கருகருவென்று சிவந்த கண்ணோடு இருப்பது ஆண் குயில். "குக்கூ" என்று கூவுவதும் அதுவே. பெண் குயில் பழுப்பு நிறம், உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள். முட்டையிடுவதோ காக்கா கூட்டில்! பாட்டி, தாத்தா சொன்னால் குழந்தை இன்னும் ரசிக்கும்.

பேட்டரி கவனம்!

சத்தம் போடும் புத்தகங்கள் பலவற்றில் இருப்பது பட்டன் பேட்டரி. குழந்தை அதை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மூடி உடைந்தாலோ, தளர்ந்தாலோ அந்தப் புத்தகம் குழந்தையிடம் இருக்கக் கூடாது. தீர்ந்துபோன பேட்டரியும் ஆபத்துதான். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

புத்தகத்தை மூடியதும் இரண்டு நிமிடம் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ நின்று, படத்தில் பார்த்த பறவையைத் தேடுங்கள். கோடைக் காலை என்றால் குயில் எங்காவது கூவிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்டு, குழந்தை புத்தகத்தைத் தொடாமல் மரத்தைப் பார்த்துக் கை நீட்டுகிறதா? கொடுத்த காசு வீண்போகவில்லை.