திரையும் வாய்க்காலும்

கணினி விளையாட்டில் ஈடுபடும் இளைஞர் தம் கருவிகளை ஒவ்வொன்றாய் மாற்றிவருவர். அவற்றுள் நெஞ்சில் நிலைத்தது புதிய திரையே என்பாரை நாம் அறிவோம். காரணம் உண்டு. வழக்கமான திரை செக்கனுக்கு 60 முறை காட்சியைப் புதுப்பிக்கும். ஒரு படம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன் நிற்கும். 144 முறை புதுப்பிக்கும் திரையிலோ அஃது 7 மில்லிசெக்கனாகக் குறுகும். கையசைவைக் காட்சி உடனே தொடர்வதுபோலத் தோன்றும்.

ஆயின், அத்தனை படங்களையும் தீட்டித்தரும் வலிமை வரைவியல் அட்டைக்கு இல்லையேல் திரை என்செய்யும்? ஊற்றுச் சிறுத்திருக்க வாய்க்காலை அகலமாக்குவதால் யாது பயன்?

மாணவரே, பெற்றோர் பணத்தைச் செலவிடுமுன், உங்கள் கணினி செக்கனுக்கு எத்தனை படம் தருகின்றதென அளந்தறியுங்கள். பல விளையாட்டுகள் அக்கணக்கைத் திரையிலேயே காட்டும். விலைமிக்கதை வாங்குவதன்று, தடையுள்ள இடத்தைக் கண்டு மாற்றுவதே மறவா மாற்றமாகும்.