பந்தியில் பிறந்த உபதேசம்

மனுசன் தன் கிரியையால் நீதிமான் ஆவதில்லை, விசுவாசத்தால்தான் ஆகிறான், அப்படி ஆனவனுக்குக் கடவுளோடு சமாதானம் உண்டு என்று ஞாயிறு தவறாமல் பிரசங்கம் நடக்கிறது. சேரிக் கிறிஸ்தவன் தலையாட்டிக் கேட்கிறான். இந்த உபதேசம் எங்கே பிறந்தது என்று மட்டும் அவனுக்கு யாரும் சொல்வதில்லை. சொன்னால் வம்பு.

அது பிறந்தது சாப்பாட்டுப் பந்தியில். அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் பேதுரு. எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்லக் கழன்றுகொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், பர்னபாகூட. பவுலுக்கு வந்ததே கோபம்! தனியே கூப்பிட்டுப் புத்தி சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் இந்தச் சண்டையைச் சொன்ன கையோடுதான் விசுவாசத்தால் நீதிமானாவதைப் பற்றி எழுதுகிறார். யார் கூட உட்கார்ந்து யார் சாப்பிடுவது, அதுதான் விவகாரம். தன் மனைவி கத்தரீனாவின் பெயரைச் சொல்லி மார்ட்டின் லூதர் கொஞ்சியதும் இந்த நிருபத்தைத்தான்.

லூதரின் வழி வந்தவர்கள் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அச்சு வந்தது, தமிழில் புதிய ஏற்பாடு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. மறுக்கவில்லை. சாதி போகவில்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னாட்டுச் சபைகளைப் பற்றி எழுதிய கடிதம் இருக்கிறது. ஒவ்வொரு சாதியும் கோயிலில் ஒவ்வொரு பக்கம் உட்கார்ந்தது. ராப்போஜனத்துக்கு வெவ்வேறு நேரத்தில் வந்தது. அதற்கு முன்னால் பாத்திரமே வேறாக இருந்திருக்கிறது. ஆண்டவரின் ரத்தம் என்று சொல்லிக் கொடுக்கிற பாத்திரத்திலேயே தீட்டு! சாதியை உடனே விட வேண்டும் என்றார் வில்சன். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையையே விட்டார்கள். அதற்கு முன்பே வேதநாயக சாஸ்திரியார், பாட்டுக்குப் பேர்போன அதே சாஸ்திரியார், சாதியாசாரத்துக்கு வக்காலத்து வாங்கி எழுதியாகிவிட்டது.

1847இல் மதுரையில் அமெரிக்க மிஷன் பந்தியையே சோதனையாக வைத்தது. சபையில் இருக்கணுமா, சாதி பார்க்காமல் சாப்பிட்டுக் காட்டு. உபதேசியார்களிலேயே பலர் மறுத்துப் போனார்கள். வேதத்தை ஒப்பித்தவன், ஜெபத்தில் கண்ணீர் விட்டவன், ஒரு வாய் சோற்றில் மாட்டிக்கொண்டான்.

இந்தச் சோதனையை ஒத்துக்கொள்ளாதது லைப்சிக் லுத்தரன் மிஷன். சாதி சமூக ஏற்பாடு, சுவிசேஷம் உள்ளிருந்து மெல்ல மெல்ல அதைக் கரைக்கும், வெளியிலிருந்து கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் தலைவர் கார்ல் கிரவுலின் கட்சி. மற்ற மிஷன்களில் சாதியை விட மாட்டேன் என்றவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. மெல்ல மெல்லவாம். நூற்றெழுபது வருசத்துக்கு மேல் ஆச்சு, இன்னும் கரைகிறதாம்!

இதில் இருக்கிற கெட்டிக்காரத்தனத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்றாகச் சாப்பிடு என்று கேட்டால் அது கிரியை, சட்டம், விசுவாசத்துக்கு விரோதம். தனியாகச் சாப்பிடுவது மட்டும் எதுவாம்? கிரியைகூட இல்லையே அது. கிரியை என்றால் ஒருத்தன் கை வைத்துச் செய்ய வேண்டும். நோன்பு இருந்தவன், தர்மம் கொடுத்தவன் அதைக் காட்டிக் கடவுளிடம் நீதி கேட்டால்கூட ஒரு பாடு பட்டான் என்று சொல்லலாம். வெள்ளாள வயிற்றிலோ உடையார் வயிற்றிலோ பிறந்ததற்கு ஒருத்தன் என்ன பாடுபட்டான்? பவுல் மாம்சத்தைப் பற்றிய பெருமை என்று எதைத் திட்டினாரோ அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கிருபை கிருபை என்று கையைத் தூக்குகிறான்.

அடுத்து சமாதானம். எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில், கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரை எடுக்கணும் என்று நம்ம பிள்ளைகள் மனுக் கொடுத்தார்கள். வந்த பதில்: "தம்பி, சபையோட சமாதானத்தக் கெடுக்காதீங்க. தேவனோட சமாதானமா இருக்கறதுதான் முக்கியம்." யாருக்கு யாரோடு சமாதானம்? எபேசியர் நிருபத்தில் சமாதானம் என்ற சொல் வருகிற இடத்திலேயே நடுச்சுவர் இடிபடுகிறது. எருசலேம் தேவாலயத்தில் அப்படி ஒரு தடுப்பு நிஜமாகவே இருந்தது. தாண்டுகிற அந்நியனுக்குச் சாவு என்று கிரேக்கத்தில் வெட்டிய கல்லை 1871இல் கண்டெடுத்தார்கள். நம் தோட்டத்துச் சுவரில் எழுத்து இல்லை. இல்லாமலே எல்லாருக்கும் படிக்கத் தெரிகிறது.

நீதிமானாக்கப்படுவது பற்றிய பழைய சண்டையை லுத்தரன்களும் கத்தோலிக்கரும் 1999இல் ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்துப் போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். நல்லது. சுவர் எழுப்புவதில் இவர்களுக்குள் இங்கே எப்போதுமே சண்டை இருந்ததில்லை.

அரசாங்கமும் இந்த உபதேசத்தை நம்புகிறது போலிருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த ஆணைப்படி பட்டியல் சாதியில் கிறிஸ்தவனுக்கு இடமில்லை. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசையின் வழக்கில், மதம் மாறிய பிறகும் இழிவு அதே அளவுக்குத் தொடர்வதற்கு ஆதாரம் போதாது என்றது உச்ச நீதிமன்றம், 1985இல். ஆகஸ்ட் 10 வந்தால் ஆயர்கள் கறுப்பு நாள் அனுசரிக்கிறார்கள். எங்கள் ஜனங்களுக்குத் தீண்டாமை தொடர்கிறது என்று டெல்லியில் முழங்குகிறார்கள். ஆதாரம் எங்கே என்று கோர்ட் கேட்டதே, அது அவர்கள் பராமரிப்பில்தான் இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் அதற்கு வெள்ளையடிக்கிறார்கள்.