மிச்சமாகும் கரண்ட் எங்கே போகிறது?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் தவறாமல் கேட்கும் கேள்வி, "கரண்ட் பில் எகிறுமா சார்?" என்பது. "இது புது மாடல், பழையதில் பாதி கரண்ட்கூட இழுக்காது" என்று பதில் வரும். அது பொய் அல்ல. ஆனால் அதனால் பில் குறைந்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். காரணத்தை 1865-லேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் வில்லியம் ஸ்டான்லி ஜெவோன்ஸ், இங்கிலாந்துப் பொருளாதார நிபுணர். தர்க்கக் கணக்குகளுக்கு விடை சொல்லும் இயந்திரம் ஒன்றை பியானோ போன்ற வடிவத்தில் அமைத்து, 1870-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டியவர். அந்த வகையில் கம்ப்யூட்டருக்கு அவர் தூரத்து உறவு!

அவர் ஆராய்ந்தது நிலக்கரியை. ஜேம்ஸ் வாட் 1769-ல் காப்புரிமை பெற்ற நீராவி எஞ்சின், பழைய நியூகாமன் எஞ்சினைவிட மிகக் குறைந்த கரியில் ஓடியது. மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கையே வாட் கம்பெனி கட்டணமாக வாங்கியது. அப்படியானால் இங்கிலாந்தின் மொத்தக் கரிச் செலவு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? நேர்மாறாக, அது பெருகியது. ஓட்டும் செலவு குறைந்ததும், சுரங்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த எஞ்சின் மில், ரயில், கப்பல் என எங்கும் புகுந்துவிட்டது.

கம்ப்யூட்டர் உலகிலும் இதே கதைதான். விண்டோஸ் 95-க்கு குறைந்தபட்சம் 4 எம்பி ராம் போதும் என்றார்கள். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி வேண்டும். ஏறக்குறைய ஆயிரம் மடங்கு! ராம் விலை குறையக் குறைய, சாப்ட்வேர் எழுதும் எங்களைப் போன்றவர்கள் அதைத் தாராளமாகச் செலவழிக்கிறோம். 2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக் குறைந்த செலவில் ஏஐ தருகிறது என்ற செய்தி பரபரப்பானபோது, மைக்ரோசாப்ட் தலைவர் சத்யா நாதெல்லா ஜெவோன்ஸைத்தான் நினைவுபடுத்தினார். மலிவானால் பயன்பாடு பெருகும் என்பது அவர் கணக்கு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மானிட்டரோடு சேர்த்து 100 வாட் இழுக்கும் டெஸ்க்டாப், பத்து மணி நேரத்தில் ஒரு யூனிட் எடுக்கும். 40 வாட் லேப்டாப்புக்கு அதே யூனிட் 25 மணி நேரம் வரும். நல்ல சிக்கனம்தான். ஆனால் நடப்பது என்ன? லேப்டாப் வந்த பிறகும் டெஸ்க்டாப் மூலையில் ஓடுகிறது. கூடவே ஒரு டேப்லெட், ஒரு வைஃபை ரவுட்டர். அந்த ரவுட்டர் 10 வாட்தானே என்று விட்டுவிடுகிறோம். இரவு பகலாக ஓடினால் 30 நாளில் அது 7.2 யூனிட். 40 வாட் லேப்டாப்பை தினமும் ஆறு மணி நேரம் ஓட்டினாலும் அதே 7.2 யூனிட்தான்!

எனவே ஸ்டார் லேபிள் வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்காதீர்கள். அவசியம் பார்த்து வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கரண்ட் என்பதை லேபிள் முடிவு செய்கிறது. எத்தனை மணி நேரம், எத்தனை மெஷின் என்பதை முடிவு செய்வது நீங்கள். பில் என்பது இரண்டையும் பெருக்கி வரும் தொகை.

ஜெவோன்ஸின் நாட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. எஞ்சினின் சிக்கனம் மட்டும் அதைச் சாதிக்கவில்லை. எரிவாயுவும் காற்றாலையும் மாற்றாக வந்தன. கரியமில வாயுவுக்கு அரசு விலையும் வைத்தது. கட்டுப்பாடு வந்த பிறகுதான் கரி போனது.

வீட்டிலும் அப்படி ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஸ்கிரீன்சேவர் கரண்டை மிச்சப்படுத்தாது. மானிட்டர் தானாக அணையும்படி பவர் ஆப்ஷன்ஸில் அமையுங்கள். தூங்கப் போகும்போது ரவுட்டரையும் அணையுங்கள். புது மெஷின் வந்த அன்றே பழையதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மிச்சமாகும் கரண்டை அதுவே குடித்துவிடும்.