குறத்தி சொன்ன குறியும் விஞ்ஞானம் சொல்லும் குறியும்

குற்றாலம் என்றதும் அருவி நினைவுக்கு வரும். சாரல் நினைவுக்கு வரும். தமிழ் கற்றோர்க்குக் குறவஞ்சி நினைவுக்கு வரும். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய அந்த நூலிலே, குறத்தி சிங்கி வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். இலக்கியத்தில் அது இன்பம், நாமும் சுவைக்கிறோம். ஆனால், உடலிலே புற்று என்று மருத்துவர் சொல்லக் கேட்டு, நாளை என்ன ஆகுமோ என்று கலங்கி நிற்கும் பாட்டாளிக்குக் கைரேகை வழிகாட்டுமா? காட்டாது. அவனுக்கு வேறொரு குறி வேண்டும். அதைச் சொல்லும் ஆற்றல் விஞ்ஞானத்தின் கைக்கு வந்துவிட்டது. அது தென்காசித் தொழிலாளியின் வாசலுக்கு எப்போது வரும்? அதுதான் நம் கேள்வி.

ஆண்கள் வாய்விட்டுப் பேச வெட்கப்படும் நோய் ஒன்று உண்டு. புராஸ்டேட் புற்றுநோய் அதன் பெயர். புராஸ்டேட் என்பது ஆண்களுக்கே உரிய சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்தது. வயது ஏற ஏறப் பலருக்கும் அது பருக்கும். அது புற்றல்ல. ஆனால் சிலருக்கு அதிலே புற்று தோன்றுகிறது. 2020இல் உலகெங்கும் 14 லட்சம் பேருக்குக் கண்டறியப்பட்ட இந்நோய், 2040இல் ஆண்டுக்கு 29 லட்சம் பேரைத் தொடும் என்று லான்செட் மருத்துவ ஏடு அமைத்த குழு 2024இல் கணக்கிட்டது. வருமானம் குறைந்த நாடுகளில்தான் பெருக்கம் மிகுதியாக இருக்கும் என்றும் அக்குழு எச்சரித்தது.

இந்த நோய்க்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று ஆமை, மற்றொன்று வேங்கை. ஆமை, இருபது ஆண்டுகள் ஆனாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். வேங்கை, சில ஆண்டுகளிலேயே எலும்பில் பாய்ந்து ஆளைச் சாய்த்துவிடும். பிரிட்டனில், சுரப்பியைவிட்டு வெளியே பரவாத புற்றுடைய 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை, மற்றொரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, மூன்றாவது பிரிவுக்குக் கண்காணிப்பு என்று வைத்துச் சுமார் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2023இல் முடிவு வெளியாயிற்று. எந்தப் பிரிவை எடுத்தாலும், இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவே!

இதன் பொருள் என்ன? எல்லோரையும் உடனே அறுக்க வேண்டியதில்லை என்பது. அறுவை செய்தால் சிறுநீர் கசியலாம். இல்லற வாழ்வு குன்றலாம். உழைத்துப் பிழைப்பவனுக்கு மாதக்கணக்கில் கூலி போகலாம். அப்படியானால் எல்லோரையும் சும்மா விட்டுவிடலாமா? கூடாது, வேங்கை அந்தக் கூட்டத்திலேதான் ஒளிந்திருக்கிறது. எது ஆமை, எது வேங்கை என்று முன்கூட்டியே அறிவதில்தான் உயிர் இருக்கிறது.

1960களில் டொனால்டு கிளீசன் என்ற அமெரிக்க மருத்துவர், நுண்ணோக்கியில் தெரியும் உயிரணுக்களின் அமைப்பைப் பார்த்து மதிப்பெண் இடும் முறையை வகுத்தார். இன்றும் அதுவே அடிப்படை. ஆனால் நடுத்தர மதிப்பெண் பெற்றவர்கள்பாடு திண்டாட்டம். தோற்றம் ஒன்றுபோல் இருக்கும். போக்கு வேறாக இருக்கும். அங்கேதான் மரபணு பேசத் தொடங்குகிறது.

ஆலைத் தொழிலாளத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். உயிரணு ஒவ்வொன்றும் ஓர் ஆலை. அதன் அலுவலகத்திலே சுமார் 20,000 வரைபடங்கள் இருக்கின்றன. அவையே மரபணுக்கள். எல்லா வரைபடமும் எல்லா நேரமும் வேலைக்கு வருவதில்லை. தேவையான வரைபடத்தைப் பார்த்து உத்தரவுச் சீட்டு எழுதிப் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். ஆர்.என்.ஏ. என்பது அந்தச் சீட்டு. எந்தச் சீட்டு எத்தனை போகிறது என்று எண்ணினால், ஆலை நாளை என்ன செய்யப்போகிறது என்று இன்றே சொல்லிவிடலாம். வெளிச்சுவரைப் பார்ப்பது நுண்ணோக்கி. உத்தரவுச் சீட்டை எண்ணுவது மரபணுச் சோதனை!

இந்தத் துறையின் முன்னோடிகளிடையே தமிழ்ப் பெயர்களும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் தலைமையில் நடந்த ஆய்வு, 2001இல் நேச்சர் ஏட்டில் வெளியாயிற்று. முதல் ஆசிரியர் சரவண எம். தனசேகரன். சுமார் 10,000 மரபணுக்களின் இயக்கத்தை அளந்து, ஹெப்சின், பிம்-1 என்ற இரண்டின் அளவு நோயின் போக்கோடு தொடர்புடையது என்று அவர்கள் காட்டினார்கள். 2002இல் அதே கூடம், இ.இசட்.எச்.2 என்ற மரபணு மிகுதியாக இயங்கினால் நோய் மூர்க்கமாகும் என்று காட்டியது. 2005இல், இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே இப்புற்றுகளில் பலவற்றுக்கு வேர் என்று கண்டது.

அந்த வழியிலே பரிசோதனைகள் சந்தைக்கு வந்தன. புரோலாரிஸ் 46 மரபணுக்களைப் பார்க்கிறது. அவற்றில் 31, உயிரணு எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்று காட்டுபவை. ஆன்கோடைப் 17 பார்க்கிறது. டெசிஃபர் 22 குறிகளைப் பார்க்கிறது. எல்லாம் மேலைநாட்டில் உருவானவை. விலையோ ஆயிரக்கணக்கான டாலர்!

குறத்தியின் குறிக்கும் இந்தக் குறிக்கும் வேறுபாடு உண்டு. குறி கேட்பவர் விரும்புவதையே குறத்தி சொல்வாள். பொய்த்தால் கணக்குக் காட்டமாட்டாள். விஞ்ஞானமோ, "உம்மைப் போன்ற நூறு பேரில் பத்தாண்டில் இத்தனை பேருக்கு நோய் பரவும்" என்று எண்ணிச் சொல்கிறது. சொன்னது நடந்ததா என்று ஆண்டுக்கணக்கில் சரிபார்க்கிறது, பிழைத்தால் திருத்திக்கொள்கிறது. அது சொல்வது விதியன்று, வாய்ப்பு. அதைக் கையிலே வைத்துக்கொண்டு மருத்துவரும் நோயாளியும் கலந்து முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 2005இல் கண்ட அந்த மரபணு ஒட்டு, மேலைநாட்டு நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருக்கிறது. சீனம், ஜப்பான் முதலிய கிழக்காசிய நாடுகளில் அதைவிடக் குறைவு. அளவுகோல் அவர்கள் ஊரில் செய்யப்பட்டது. அளக்கப்போவது நம் உடலை. நம் மக்களிடம் அது சரியாக அளக்கிறதா என்று நாமே சோதித்துப் பார்க்க வேண்டாமா? திறமை இங்கே இல்லாமலில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இந்நோயின் மரபணுக்களை ஆராயும் புஷ்ரா அதீக்குக்கு 2020இல் பட்நாகர் விருது வழங்கப்பட்டது. வேண்டியது பணமும் மனமும்.

"ஏழைக்கு எதற்கு மரபணுச் சோதனை? முதலில் மாத்திரை கிடைக்கட்டும்" என்று சிலர் சொல்லக்கூடும். நாம் சொல்கிறோம்: வேண்டாத அறுவையைத் தாங்கும் வசதி பணக்காரனுக்கு உண்டு, ஏழைக்கு இல்லை. ஆகவே, யாருக்கு அறுவை வேண்டாம் என்று சொல்லும் சோதனை ஏழைக்கே முதலில் வேண்டும்! ஆனால் ஒன்று உண்மை. நோய் எலும்புவரை போன பிறகு வருபவனுக்கு எந்தக் குறியும் பெரிதாகப் பயன்படாது. மரபணுவுக்கு முன்னே இரத்தப் பரிசோதனை வேண்டும். திசுப் பரிசோதனை வேண்டும். அதைப் படித்துச் சொல்லும் வல்லுநர் வேண்டும்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஆயினும் புற்றுநோய் என்றால், ஆரியங்காவு கணவாயைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்கும், பொதிகை ரயிலில் ஓர் இரவு பயணம் செய்து அடையாற்றுக்கும் போவோர் உண்டு. அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் 1954இல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் எழுந்தது. அன்று ஒருவர் கேட்டார், பிடிவாதமாகக் கேட்டார், கிடைத்தது. இன்று நாம் கேட்போம்.

அறிகுறியோடு வரும் ஆணுக்கு பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையும், தேவையெனில் திசுப் பரிசோதனையும் மாவட்ட மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைக்கட்டும். மரபணு இயக்கச் சோதனை நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில், நம் நோயாளிகளிடம் சரிபார்க்கப்பட்டு, மலிவாக உருவாகட்டும். மருத்துவர் தேவை என்று எழுதிக்கொடுத்தால், அரசின் காப்பீட்டுத் திட்டம் அதன் செலவை ஏற்கட்டும்.

தோழர்களுக்கும் ஒரு சொல். இரவிலே பலமுறை எழுகிறீர்களா? சிறுநீர் தடைப்படுகிறதா? இரத்தம் தெரிகிறதா? பெரும்பாலும் அது புற்றாக இராது; ஆனாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கத்தில் இந்நோய் அறிகுறியே காட்டாமலும் இருக்கும். ஆகவே தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்திருந்தால், ஐம்பதை எட்டும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். அருவியில் குளித்தால் அலுப்புத் தீரும், புற்று தீராது. கூலிக்குக் குரல் கொடுக்கக் கூசாத நாம், உடம்பைப் பற்றிப் பேசக் கூசுவானேன்? கிளைக் கூட்டத்திலே பேசுங்கள், பட்டறையிலே பேசுங்கள். விஞ்ஞானம் குறி சொல்லக் காத்திருக்கிறது. கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்போம்!