பொம்மை ரயிலுக்கு வைத்தியம்

நமது உத்திரமேரூருக்கு ரயில் பாதை கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமானால் மதுராந்தகத்துக்கோ செங்கற்பட்டுக்கோ பஸ் ஏற வேண்டும். ஆயினும் ஊரில் எஞ்சின்கள் இல்லாமலில்லை. சில வீட்டுப் பரண்களில் அவை உறங்குகின்றன. அயல் நாட்டிலிருந்து மாமா கொண்டு வந்தது. பத்து நாள் சுற்றியது. பதினோராம் நாள் நின்றது. உடனே, "கெட்டுப் போய்விட்டது" என்று தீர்ப்பாகிப் பரண் ஏறிவிட்டது. இப்படி ஏறியவற்றில் பெரும்பாலானவை கெட்டவை அல்ல, அழுக்கடைந்தவையே என்பது நமது அபிப்பிராயம்.

இதன் சூத்திரம் மிகவும் எளிது. இரண்டு தண்டவாளங்களும் இரண்டு மின்சாரக் கம்பிகளே. 12 வோல்ட் மின்சாரம் சக்கரங்களின் வழியாக ஏறி உள்ளேயிருக்கும் மோட்டாரைச் சுழற்றுகிறது. மின்சாரத்தின் திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கிப் போகும். ஆகையால் எஞ்சினைத் திறக்குமுன் தண்டவாளத்தை விசாரிப்பதே முறை. 12 வோல்ட் சிறு பல்பின் இரு கம்பிகளையும் இரு தண்டவாளங்களில் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் எரிந்து, அடுத்த துண்டில் எரியாவிட்டால், இடையிலுள்ள இணைப்புத் தகடு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கும் எரிந்தும் வண்டி தயங்கித் தயங்கிச் சென்றால் அழுக்குதான் காரணம்.

அழுக்கைப் போக்க உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் உண்டு. அது கூடவே கூடாது. கீறல் விழுந்த இடத்தில் அழுக்கு முன்னிலும் விரைவாகச் சேரும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பருத்தித் துணியில் தொட்டுத் தண்டவாளத்தையும் சக்கரங்களின் விளிம்பையும் துடைத்தால் போதும். அருகில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. பிறகு எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்து அச்சுகளைப் பாருங்கள். தலைமயிரும் பாய் நாரும் சுற்றிக் கொண்டு கிடக்கும். தரையில் தண்டவாளம் போட்டு விளையாடும் வீடுகளில் இது தப்பாத வியாதி.

அடுத்தது எண்ணெய். நமது மாணவன் ஒருவன் மார்கழி மாதத்தில் ஓர் எஞ்சினைக் கொண்டு வந்தான். காலஞ்சென்ற தகப்பனார் வாங்கித் தந்தது. "புதிது வாங்கிக் கொள்" என்று பட்டணத்துக் கடையில் சொல்லிவிட்டார்களாம். அவனுக்கு வேண்டியது அதுவல்லவே! திறந்து பார்த்தால் பற்சக்கரங்கள் முழுவதும் தேங்காயெண்ணெய். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையும் பண்டம் அது. விடியற்காலைக் குளிரில் சக்கரம் எப்படிச் சுழலும்? பாட்டியம்மாள் அன்போடு விட்ட எண்ணெயை வழித்தெடுத்து, தையல் இயந்திர எண்ணெயில் ஊசி முனையளவு வைத்ததும் ஓடிற்று. துளி அதிகமானாலும் தண்டவாளத்தில் வழிந்து மறுபடி அழுக்கைச் சேர்க்கும்.

வண்டி ஓடியும் தடம் புரண்டால் சக்கரங்களின் இடைவெளியை அளக்க வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஓர் அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு நடுவே ஏறக்குறைய 14.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இந்தப் பாதை 1435 மில்லிமீட்டர் கொண்ட ஐரோப்பியப் பாதையை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கியது. நமது அகலப் பாதையோ 1676 மில்லிமீட்டர். அதைச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். ஆகவே கடைப் பாதையில் ஓடும் நமது நாட்டு எஞ்சின்கள் கொஞ்சம் ஒடுங்கிய காலோடுதான் ஓடுகின்றன!

இந்தக் கலை எவ்வளவு தூரம் போகுமென்று காண விரும்புவோர் புனாவில் ஜோஷி என்பவர் அமைத்த சிறு ரயில் காட்சிசாலையைப் பார்க்கலாம். 1998-இல் அது பொது மக்களுக்குத் திறக்கப்பட்டது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தண்டவாளத்திலுள்ள 12 வோல்ட்டைக் குழந்தைகள் தொடலாம்; ஆனால் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டிக்குள் 230 வோல்ட் வருகிறது. அதைக் குழந்தைகள் திறக்கலாகாது. அது சுட்டாலும் கருகல் வாசனை வந்தாலும் சுவரிலுள்ள ஸ்விச்சை நிறுத்திவிட்டு மின்சார வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். பாட்டரியில் ஓடும் வகையானால், பரணில் ஏற்றுமுன் பாட்டரியைக் கழற்றி விடுங்கள். ஒழுகினால் தகடுகளை அரித்துவிடும். மழைக்காலத்தில் எஞ்சினை மூடியிட்ட டப்பாவில் வைப்பது நலம்.