கேபிள் காசில் பாட்டெழுதினவருக்கும் மெட்டு போட்டவருக்கும் பங்கு எங்கே?



சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல்... நம்ம பக்கம் எந்த ஊருக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. தறிக்கூடத்திலும், லாரிப் பட்டறையிலும், டீக்கடையிலும் டி.வி.யில் ஒரு பழைய பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மாசம் பிறந்தால் கேபிளுக்குக் காசு கட்டுகிறோம். அந்தக் காசில் பாட்டை எழுதினவருக்கு எவ்வளவு போகுது, மெட்டு போட்டவருக்கு எவ்வளவு போகுதுன்னு என்றைக்காவது கேட்டிருக்கோமா?

முதலில் காசு எப்படிப் பிரிகிறது என்று பார்ப்போம். 2019இல் டிராய் புதிய கட்டணமுறையைக் கொண்டுவந்தது. அப்போது 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. ஆபரேட்டருக்கும் அவருக்கு மேலே சிக்னல் கொடுக்கும் நிறுவனத்துக்கும் தனி ஒப்பந்தம் இல்லையென்றால், இந்த அடிப்படைக் கட்டணத்தில் மேலே இருப்பவருக்கு 55 சதவீதம், நம்ம தெரு கேபிள் அண்ணனுக்கு 45 சதவீதம். கட்டணச் சேனலுக்குத் தனிக்கணக்கு. 19 ரூபாய் சேனல் என்றால் குறைந்தது 20 சதவீதம், அதாவது 3 ரூபாய் 80 காசு விநியோகக் கட்டணம். மீதி சேனல்காரருக்கு.

ஆபரேட்டர் இருக்கிறார், நிறுவனம் இருக்கிறது, சேனல் இருக்கிறது, அரசின் வரியும் இருக்கிறது. படைத்தவர் பெயர் மட்டும் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. அவருடைய பங்கு சேனல்காரர் கையிலிருந்துதான் போயாக வேண்டும்.

"சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது தோழர்களே!

1977இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தயாரிப்பாளர் காசு கொடுத்துப் படத்துக்காக எழுதவும் இசையமைக்கவும் வைத்தால், மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான் என்றது. அதே வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனிக்குறிப்பு எழுதி, கலைஞர்களின் நிலையை நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்றார். அது நடக்க 35 வருஷம் ஆனது. 2012 மே மாதம் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஜூன் 21 முதல் அமலுக்கு வந்தது.

அந்தத் திருத்தம் சொல்வது இதுதான்: தியேட்டரில் படத்தோடு சேர்த்துக் காட்டுவதைத் தவிர, வேறு எந்த வழியில் பாட்டைப் பயன்படுத்தினாலும் எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமையாளரோடு சரிபாதி ராயல்டி உண்டு. டி.வி.யும் கேபிளும் இதில் அடக்கம். "எனக்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. வாரிசுக்கோ, வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அந்த உரிமையைக் கொடுக்க முடியும்.

இதில் நம்ம சேலத்துக்கு என்ன சம்பந்தம்?

ஏற்காடு சாலையில் இன்று ஒரு வளைவு மட்டும் நிற்கிறதே, மாடர்ன் தியேட்டர்ஸ், அதுதான் சம்பந்தம். டி.ஆர்.சுந்தரம் உருவாக்கிய அந்த ஸ்டூடியோவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. 1956இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். சட்டப்படி படத்துக்கு 60 வருஷம்தான் காப்புரிமை. 2016 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் இசை வேறு கணக்கு. இசையமைத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 வருஷம் உண்டு. அந்தப் படத்தின் இசையமைப்பாளர் எஸ்.தட்சிணாமூர்த்தி 2012இல் காலமானார். அப்படியென்றால் அந்த மெட்டுகளின் உரிமை 2072 வரை உயிரோடு இருக்கிறது. பழைய ஒப்பந்தங்களில் வாரிசுக்கு எவ்வளவு என்பதில் சட்ட வாதம் உண்டு. ஆனால், 'பழைய படம்தானே, யாருக்கும் ஒண்ணும் கொடுக்க வேண்டாம்' என்பது தப்பு.

சரி, சட்டமும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. பிறகு எங்கே அடைபடுகிறது? பிரித்துக் கொடுக்கும் இடத்தில்!

காசு வசூலிப்பது பாதி வேலைதான். எந்தப் பாட்டு, எந்தச் சேனலில், எத்தனை தடவை போனது என்ற பதிவு இருந்தால்தான் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியும். பதிவே இல்லாத உள்ளூர் சேனலில் ஒரு பாட்டு நூறு தடவை ஓடினாலும் எழுதினவர் கணக்கில் பூஜ்யம்தான்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் 1976 சட்டப்படி, தொலைதூர நிலையங்களின் ஒளிபரப்பை மறுபடி அனுப்பும் கேபிள் நிறுவனங்கள் ஆறு மாசத்துக்கு ஒருமுறை பதிப்புரிமை அலுவலகத்தில் பணம் கட்டுகின்றன. உரிமையாளர்கள் வருஷா வருஷம் ஜூலையில் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கேட்காதவருக்குப் பங்கு இல்லை. ஐரோப்பாவின் 1993 விதி இதைவிட நியாயமானது. அங்கே சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவரும் தன் பங்கைக் கேட்கலாம். அதற்குக் குறைந்தது மூன்று வருஷம் அவகாசம் கொடுத்தாக வேண்டும். சங்கம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பாடலாசிரியர் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

"அப்போ கேபிள் வாடகை ஏறிடுமா?" என்று சிலர் கேட்பார்கள். நாம் கேட்பது மேல்வாடகை அல்ல. ஏற்கனவே கட்டும் காசிலும் சேனல்களுக்கு வரும் விளம்பரக் காசிலும் நியாயமான பங்கு. தெருவில் வயர் இழுத்துப் பிழைக்கும் கேபிள் அண்ணன் தலையில் இதைச் சுமத்தவும் கூடாது. பதில் சொல்ல வேண்டியது ஒளிபரப்புகிறவர்.

ஆகவே நாம் கேட்பது மூன்றே மூன்று:

1. அரசு கேபிள் வழியாகப் போகும் உள்ளூர் சேனல்கள் உட்பட எல்லாச் சேனலும், ஓடிய படம், பாட்டு, எழுதினவர், இசையமைத்தவர் பெயரோடு மாதப் பட்டியல் வெளியிட வேண்டும்.

2. உரிமை கோரப்படாத பாட்டுகளின் பட்டியலைப் பதிப்புரிமைச் சங்கம் தமிழில் வெளியிட வேண்டும். உறுப்பினர் அல்லாதவரும் மூன்று வருஷத்துக்குள் கேட்க சட்டத்தில் வழி செய்ய வேண்டும்.

3. வாரிசுகளைப் பதிவு செய்ய, கலை பண்பாட்டுத் துறை மூலம் சேலத்திலும் நாமக்கல்லிலும் முகாம் நடத்த வேண்டும்.

தோழர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில், சினிமாவுக்கு ஒரே ஒரு பாட்டு எழுதினவர் குடும்பம் இருந்தாலும் போய்ப் பாருங்கள். பழைய ஒப்பந்தத் தாள், பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு உறை, எது இருந்தாலும் பத்திரமாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பெயர் அச்சான ஒரு தாள்கூட நாளைக்குச் சாட்சியாகும். வாரிசுச் சான்றிதழ் வாங்காமல் இருந்தால் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நெய்தவருக்குக் கூலி கொடுக்காமல் துணியை விற்றால் நம்ம ஊரில் சும்மா விடுவோமா? பாட்டுக்கும் அதே நியாயம்தான்.

பகிருங்கள். பேசுங்கள். விடாமல் கேளுங்கள்.

#படைத்தவருக்குப்_பங்கு