செயலியில் நல்ல எண்கள் மட்டும் போதுமா?

இரத்தச் சர்க்கரை அளவைக் கைபேசிச் செயலியில் பதிவு செய்வோர் பெருகிவருவது நன்றே. ஆயினும், சிலர் எம்மிடம் காட்டும் பதிவில் 110, 125 என நல்ல எண்களே நிரம்பியிருக்கின்றன; ஆய்வக அறிக்கையிலோ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9 விழுக்காடு! விருந்துண்ட நாள்களில் விரலைக் குத்திப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் வீட்டாரின் வசவை யார் கேட்பது?

பிழை நோயாளியுடையது மட்டுமன்று. தந்தையின் கைபேசியை வாங்கி, மதிப்பெண் பட்டியலைப் போலப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. மருத்துவர்களாகிய நாங்களும் கடிந்துகொள்வதுண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

பொங்கல் உண்டு இரண்டு மணி நேரம் கழித்து 240 எனக் காட்டினால், அதை அப்படியே பதியுங்கள்; உண்டதையும் அருகே குறியுங்கள். மருந்தைத் திருத்தியமைக்க அந்த எண்தான் எமக்குத் தேவை. 70க்குக் கீழே இறங்கிய வேளையை அறிவது அதனினும் தேவை. ஆனால், அப்போது முதலில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துப் பருகுங்கள், பதிவு பிறகு. செயலி எந்த அறிவுரை கூறினும், மாத்திரை, இன்சுலின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

செயலி பழகாத முதியோர்க்கு ஒரு நாற்பது பக்க நோட்டே போதும்.